இயங்காக் கணினியை இயங்கச் செய்தல்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றி நமக்கு முன் பேசியோர் அழகுறப் பேசிவிட்டனர். நமக்கு அளிக்கப்பட்ட பொருளோ கணினிக்கு இயங்குதளம் நிறுவுதலும் அதன் பழுது நீக்குதலும் ஆகும். விழா மேடைக்கு இது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். நம் படிப்பகத்தின் பின்னறையை எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது. ஓர் அலுவலகம் கழித்து அளித்த ஐந்து மேசைக் கணினிகள் அங்கே துணி போர்த்தப்பட்டு உறங்குகின்றன. இரண்டில் திரையே ஒளிர்வதில்லை. மற்ற மூன்றில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்க்கு 2026 அக்டோபர் 13 வரை என்று ஒரு நீட்டிப்பு அறிவித்தது. விண்டோஸ் 11க்கு மாறலாமே எனில், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் அந்நிறுவனம் ஏற்கும் புதிய செயலியும் வேண்டும். நம் கணினிகளில் அவை இல்லை. ஆதலால் இவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று செயற்குழுவிலேயே ஒரு கருத்து எழுந்தது. அவ்வாறு செய்யத் தேவையில்லை என்பதைக் கூறவே நாம் வந்துள்ளோம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளிகளில் கணினி அறையைப் பூட்டி வைக்கும் வழக்கம் உண்டு. திறக்கும் நாளிலும் மாணவர் கேட்கும் முதற்சொல் "தொடாதே" என்பதாகவே இருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லப்படும் சொல்தான் அது. ஆயினும் நம் பிள்ளைகளின் காதில் அது வேறு பொருளோடும் விழுகிறது. நெய்யாற்றின்கரையை அடுத்த ஊருட்டம்பலத்தில், பஞ்சமி என்னும் சிறுமியை ஐயன்காளி பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றபோது அந்தப் பள்ளியையே தீ வைத்துக் கொளுத்தினார்கள். அது நடந்தது பழைய திருவிதாங்கூரில். 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்த மொழிவழி எல்லைக்கு அப்பால் இருந்தவர்களே. பள்ளி வாயில் திறந்து பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் துணிவு நம் பிள்ளைகளில் பலருக்கு இன்னும் வரவில்லை. பயன்படுத்துவோராக இருக்கிறோம், பழுது பார்க்க வேறொருவரிடம் கைகட்டி நிற்கிறோம்.

இனிப் பொருளுக்கு வருவோம். இயங்குதளம் என்பது யாது? நாஞ்சில் நாட்டாருக்கு இதனை விளக்குவது எளிது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையில் நீர் நிறைந்திருக்கலாம். வயலில் நாற்றும் நட்டிருக்கலாம். எந்த மடையை எப்பொழுது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று முறை பார்த்து நீர் பாய்ச்ச ஆள் இல்லையேல் ஒரு வயல் அழுகும், மறு வயல் காயும். கணினியின் நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் ஒவ்வொரு நிரலுக்கும் அவ்வாறு முறை வைத்துப் பங்கிடுவதே இயங்குதளத்தின் வேலை. விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி ஆகியவற்றோடு பேசுவதும் அதுவே. நம் முன்னோர் பலர் பிறர் வயலுக்கு இரவெல்லாம் மடை பார்த்தவர்கள். அவ்வேலைக்கு எவ்வளவு அறிவு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கூலி கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பது வேறு கேள்வி.

ஆகவே, கணினி இயங்கவில்லை என்று ஒருவர் கூறும்போது முதலில் பிரித்தறிய வேண்டியது பழுது பொருளிலா, அதனை ஆளும் நிரலிலா என்பதையே. நிரல் கெட்ட கணினியைப் பொருள் கெட்டதாக எண்ணித் தூக்கி எறிவது, மடை பார்ப்பவர் வரவில்லை என்பதற்காக வயலை விற்பதற்கு ஒப்பாகும்.

விண்டோஸ் தவிர்த்த வேறு இயங்குதளம் உண்டா? உண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் அளிக்கலாம் என்பதே அதன் கொள்கை. 1991இல் பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். இரண்டும் இணைந்து வளர்ந்தவையே இன்று உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் எனப் பல பெயர்களில் வழங்குகின்றன. கருவிலேயே விலை இல்லை. உரிமத் தடையும் இல்லை. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கியது. 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் சேர்த்தே வழங்கப்பட்டது. நம் ஊரில் அந்த மடிக்கணினி வாங்கிய வீடுகளைக் கேட்டுப் பாருங்கள். பாஸ் பக்கத்தை ஒருமுறையேனும் திறந்தவர் மிகச் சிலரே. கடைக்குச் சென்று திரும்பிய கணினிகளில் அது அழிக்கப்பட்டே வந்தது. கேட்பாரும் இல்லை.

களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளத்தில் 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கிற்று. பின்னர் அது கட்டற்ற மென்பொருளுக்கே முழுமையாக மாறி, 2017இல் கைட் என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. அங்குள்ள அரசுப் பள்ளி மாணவர் லினக்சிலேயே பாடம் பயில்கின்றனர். 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளே கணினியின் வன்பொருளைக் கையாளப் பழகுகின்றனர். பாறசாலையில் ஒரு பிள்ளை செய்வதை மார்த்தாண்டத்தில் ஒரு பிள்ளை செய்ய இயலாதா என்ன?

இப்போது செய்முறை. இதனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதைத் தொடுமுன்னும் உள்ளே இருப்பவற்றைப் படி எடுத்துவிட வேண்டும். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பட்டா நகல், திருமணப் புகைப்படம் ஆகிய எல்லாவற்றையும் இரண்டு தனித்தனி இடங்களில் வையுங்கள். ஒரு பென் டிரைவ் போதும் என்று சொல்பவர் அது கெட்டுப்போன நாளைப் பார்த்திராதவர். பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியாயின் அதன் மீட்புக் குறியீட்டையும் தாளில் எழுதிக்கொள்க.

அடுத்து, கணினியின் வலிமையை அறிதல் வேண்டும். செயலி 64 பிட் வகையா, நினைவகம் எத்தனை ஜிபி என்று பாருங்கள். 4 ஜிபி இருப்பின் லினக்ஸ் மின்ட் நன்கு ஓடும். 2 ஜிபி மட்டுமே உள்ள பழைய மடிக்கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.ஈ. முகப்புடன் டெபியன் போதும். அதன்பின் உரிய இயங்குதளக் கோப்பை அதனை வெளியிடுவோரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். இறக்கியதும் அதன் சரிபார்ப்பு எண்ணை அவர்கள் வெளியிட்டுள்ள எண்ணோடு ஒப்பிடுக. ஓரெழுத்து மாறினும் கோப்பு பழுதுற்றது என்று பொருள். விதைநெல்லில் பதர் பார்க்காமல் நாற்றுப் பாவுவார் இல்லை அன்றோ?

அக்கோப்பை 8 ஜிபி பென் டிரைவில் எழுத ரூஃபஸ் அல்லது வென்டாய் என்னும் இலவச நிரல் உதவும். கோப்பை வெறுமனே படி எடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து தொடங்காது. எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழியும் என்பதையும் நினைவில் வைக்க. பின்பு கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கியவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றுள் அந்தக் கணினிக்குரிய விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்னும் பட்டியல் தோன்றும். அதில் பென் டிரைவைத் தேர்க.

இங்கே ஒரு நன்மை உண்டு. ஹார்டு டிஸ்கில் எதனையும் எழுதாமலே லினக்சை இயக்கிப் பார்க்கலாம். ஒலி கேட்கிறதா, வைஃபை இணைகிறதா, அச்சுப்பொறியைக் காண்கிறதா என்று அரைமணி நேரம் பாருங்கள். நிறைவு ஏற்பட்ட பின்னரே நிறுவுதலைத் தொடங்குக. இடையில் வட்டைப் பிரிக்கும் கட்டம் வரும். முழுவதையும் அழித்து நிறுவுவதா, விண்டோசுக்குப் பக்கத்தில் நிறுவுவதா என்று கேட்கும். செய்முறை முழுவதிலும் திரும்பிவர முடியாத இடம் இது ஒன்றே. எந்த வட்டு, எத்தனை ஜிபி என்பதை வாய்விட்டுப் படித்து, அருகிலுள்ளவரிடமும் படிக்கச் சொல்லி, அதன்பின் அழுத்துங்கள். மின்தடை இடையில் வராதபடி யு.பி.எஸ். இருத்தல் நலம்.

மொழியைக் கேட்கும்போது தமிழைத் தேர்வதா, ஆங்கிலத்தையா? தன்னார்வலர் பலர் உழைத்து லினக்ஸ் முகப்புகளைத் தமிழாக்கி வைத்துள்ளனர். அவ்வுழைப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். எனினும் பழுது பார்க்கக் கற்கும் கணினியில் முகப்பை ஆங்கிலத்தில் வைப்பதே நலம் என்பது நம் துணிபு. பிழைச்செய்தியை உள்ளபடி இணையத்தில் தேடினால் விடை விரைவில் கிடைக்கும். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். தமிழக அரசு அதனை 1999இல் ஏற்றது. கணினி தோன்றிய நாட்டில் பிறந்தவனுக்கும் பிழைச்செய்தி முதல் தடவையில் புரிவதில்லை. ஆகவே ஆங்கிலத்தைக் கண்டு நாணவேண்டா.

பழுதுகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். சிலவற்றைச் சொல்வோம். நமக்கு அறிமுகமான கல்லூரி மாணவி ஒருத்தி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்ப அமர்ந்தாள். எந்த இணையதளமும் திறக்கவில்லை. பாதுகாப்பற்ற தளம் என்றே செய்தி வந்தது. கடைசி நாளுக்கு இரண்டு நாளே இருந்தது. ஒரு கடையில் மதர்போர்டு போய்விட்டது, வேறு கணினி வாங்குங்கள் என்றார்கள். திரையின் மூலையில் இருந்த தேதியை அங்கு யாரும் பார்க்கவில்லை. அது பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி தவறாயின் நல்ல சான்றும் செல்லாச் சான்றாகத் தோன்றும். மதர்போர்டில் உள்ள காசளவு மின்கலம், சி.ஆர். 2032 என்பது, தீர்ந்துபோயிருந்தது. அதனை மாற்றித் தேதியைத் திருத்தியதும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஒரு சிறு மின்கலத்தின் விலைக்குள் முடிந்த காரியத்துக்கு அவள் தந்தை வட்டிக்குப் பணம் கேட்கப் புறப்பட்டிருந்தார்.

கணினி இயங்கும் ஓசை கேட்டும் திரை ஒளிராது பீப் ஒலி மட்டும் எழுமானால் பெரும்பாலும் நினைவகச் சில்லின் தொடர்பே காரணம். நம் மாவட்டத்தில் இரு பருவமழையும் பெய்கிறது. கடற்காற்றும் உப்பும் எந்நாளும் உண்டு. ஆதலால் தொடர்புகளில் களிம்பு ஏறுவது இயல்பே. மின்சாரச் செருகியை முழுதும் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கியபின், சில்லை எடுத்துப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்துக. பின்னறையிலுள்ள இரண்டுக்கும் இதுவே மருந்தாக இருக்கலாம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கவேண்டா. செருகியைக் கழற்றிய பின்பும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

தொடங்கத்தக்க வட்டு இல்லை என்று செய்தி வந்தால் பயாஸில் தொடக்க வரிசையைப் பாருங்கள். பென் டிரைவை எடுக்க மறந்தீர்களா என்றும் பாருங்கள். பின்பு ஹார்டு டிஸ்கின் கம்பி தளர்ந்துள்ளதா என்று நோக்குக. நிறுவும் முன்பே திரை கறுத்து நின்றால், தொடக்கப் பட்டியலில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்பதைத் தேர்ந்தால் பெரும்பாலும் வழி பிறக்கும். வைஃபை அகப்படவில்லையாயின் கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைத் தற்காலிகமாகப் பெற்று, வேண்டிய இயக்கி நிரலை இறக்கலாம். கணினி எறும்பூரக் காண்பீராயின் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்து எஸ்.எஸ்.டி. பொருத்துக. பணம் செலவிடத் தகுந்தது அது ஒன்றுக்கே.

சாலையோரக் கடைகளில் உரிமமற்ற விண்டோசைப் பூட்டுடைத்து ஏற்றித் தருவது மலிவாகத் தோன்றும். பூட்டை உடைக்கும் நிரலோடு வேறென்ன உள்ளே வருகிறது என்பதை ஏற்றுபவரே அறியார். வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டும் கணினியில் அத்தகையவற்றுக்கு இடம் தரலாகாது.

எதனைச் செய்தாலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றிய பின் கணினி இயங்கினால் எது பழுது என்பது தெரியாமலே போய்விடும். பிழைச்செய்தியை எழுத்து மாறாமல் ஒரு நோட்டில் எழுதி, என்ன செய்தோம், என்ன விளைந்தது, எந்நாள் என்பதையும் அதன்கீழ்க் குறியுங்கள். சங்கத்தின் வரவுசெலவு ஏட்டைப் பேணுவது போல இந்நோட்டையும் பேண வேண்டும். அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளை அதே பழுதின் முன் அமரும்போது அவனுக்கு அதுவே ஆசிரியர்.

பின்னறையின் சாவி இன்று செயலாளர் அவர்களிடம் உள்ளது. வருகின்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு அதனைப் பெண்பிள்ளைகள் இருவரிடம் ஒப்படைக்குமாறு அவரை வேண்டியிருக்கிறோம், அவரும் இசைந்துள்ளார். திருப்புளிகள் நாம் கொண்டுவருவோம். 8 ஜிபி பென் டிரைவ் வைத்திருப்போர் எடுத்து வாருங்கள். முதலில் திறக்கப்போவது திரை ஒளிராத அந்த இரண்டையே.