தொட்டால்தான் தேறும்



தேற்றாத்தீவில் ஒரு தாய்க்கு முப்பத்திரண்டாம் கிழமையிலேயே வலி வந்துவிட்டால் மட்டக்களப்புக்குத்தான் ஓட்டம். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். "தொடாத புள்ள, ஆகாது" என்பார் அம்மம்மா.

ஒரு காலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் 1986இல் அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்டும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிலைமை சீரான குறைமாதக் குழந்தைகளுக்கு நாளுக்கு மூன்று தரம், பதினைந்து பதினைந்து நிமிடம், பத்து நாள். முதல் ஐந்து நிமிடம் தலையிலிருந்து கால் வரை தடவல். அடுத்த ஐந்தில் கை கால்களை மெல்ல மடக்கி நீட்டல். பிறகு மறுபடி தடவல். அந்தக் குழந்தைகளுக்கு, தடவப்படாத குழந்தைகளைவிட நாளாந்த எடை 47 சதவீதம் கூடுதலாக ஏறியது; ஆறு நாள் முந்தியே வீட்டுக்கும் போனார்கள்.

பூப்போலத் தொடவேண்டும் என்று நினைக்காதீர்கள். அது பிள்ளைக்குக் கூச்சம் காட்டுவது மாதிரி; கொஞ்சம் அழுத்தம் வேண்டும். எவ்வளவு என்பதைத் தாதி பக்கத்தில் நின்று காட்டித் தரட்டும். நம் ஊர் எண்ணெய்க் குளிப்பாட்டலை இந்தப் பிஞ்சுகளிடம் காட்டவே வேண்டாம்!

தடவலைவிட எளிது, நெஞ்சோடு அணைப்பது. 1978இல் கொலம்பியாவின் பொகொட்டாவில் பெட்டிகள் போதாமல் வைத்தியர் எட்கர் ரே தொடங்கிய முறை அது. பிறந்த உடனேயே, நாளுக்கு எட்டு மணித்தியாலமாவது அணைக்கச் சொல்லி 2022இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. தாய்க்கு இயலாத நேரம் தகப்பன் சேர்ட்டைக் கழற்றிவிட்டுச் சாய்ந்திருக்கலாம். பிள்ளைக்குத் தொப்பியும் நப்கினும் போதும். மேலே ஒரு போர்வை.