வந்து மறையும் கோளாறு



மருத்துவர் வீட்டு வாயிற்படியை மிதித்ததும் பல்வலி மறைந்துவிடுவதை நீங்கள் அறிவீர்கள். எந்திரங்களுக்கும் இக்குணம் உண்டு. முற்றும் கெட்டுப்போன எந்திரத்தைச் சீர்செய்வது எளிது. கெட்டும் கெடாமலும் இருப்பதே நம் பொறுமையைச் சோதிப்பது.

சில ஆண்டுகளுக்கு முன் பாம்பனில் மீனவப் பெரியவர் ஒருவர் தம் படகின் அவுட்போர்டு எஞ்சினைப் பற்றி என்னிடம் முறையிட்டார். கடலில் சிறிது தொலைவு சென்றதும் அது திடீரென்று நின்றுவிடும்; கயிற்றை இழுத்தால் மறுபடியும் ஓடும். காற்று மிகுந்த நாளில் எஞ்சின் நின்ற படகை அலை எங்கே கொண்டுபோகும் என்று யார் சொல்ல வல்லார்? அவருடைய மகன் அப்படகில் ஏறவே மறுத்துவிட்டான். யாரோ சொன்ன சொல்லை நம்பி, தீப்பொறியை ஆளும் மின்பெட்டியைக் கடன்பட்டுப் புதிதாக வாங்கிப் பொருத்தியும் பயனில்லை.

எஞ்சினை நீர் நிறைந்த பீப்பாயில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஓட்டினோம். அது நிற்கவேயில்லை! நான் உள்ளிருக்கும் கம்பிச் சுருளை ஐயுற்றேன். சுருளில் முறிந்த கம்பி, சூட்டில் விரிந்து பிரிந்து, ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்வதுண்டு. ஆகவே குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அதன் மின்தடையை அளந்தேன். சூட்டினால் செம்பின் தடை சிறிது உயர்வது இயல்பு, அவ்வளவே உயர்ந்தது. என் ஊகம் பிழைத்தது.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்பொழுதுதான் கேட்டேன்: “பெரியவரே, நிற்கிற சமயத்தில் படகு என்ன செய்துகொண்டிருக்கும்?”

“வலைப் பக்கமாத் திருப்புவேன் ஐயா. ஒரே பக்கந்தான்.”

விடை கிடைத்துவிட்டது. இவ்வகை எஞ்சினில் சுழலும் காந்தமே மின்சாரத்தை உண்டாக்குகிறது. நிறுத்தும் பித்தானை அழுத்தினால், அதன் கம்பி எஞ்சினின் உடலோடு இணைந்து தீப்பொறியை அணைத்துவிடும். அக்கம்பியின் உறை, கைப்பிடி திரும்பும் இடத்தில் உராய்ந்து தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் செம்பு உலோகத்தைத் தொடும். கயிறு இழுக்க நேராக வைத்தால் விலகிவிடும். பீப்பாயில் எஞ்சினை நாங்கள் திருப்பவேயில்லை அன்றோ!

மின்கலத்தால் கிளப்பும் பெரிய எஞ்சின்களில் உப்புநீரே முதற் பகை. பச்சை பூத்த இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலும், 100 ஆம்பியர் பாயும்போது 12 வோல்ட்டில் 2 வோல்ட் வீணாகும். சாதாரண மின்தடைமானி இதைக் காட்டாது. எஞ்சினைக் கிளப்பும் வேளையில் இணைப்பின் இரு புறமும் வோல்ட்டை அளக்க வேண்டும். வெப்ப உணரிகளின் செய்தியும் இத்தகையதே. பெரும்பாலானவற்றில் வெப்பம் ஏறத் தடை குறையும். ஆதலால் இணைப்பு விட்டுப்போனால், கொதிக்கும் எஞ்சினும் குளிர்ந்திருப்பதாகவே செய்தி போகும். உணரியை மாற்றுமுன் அதன் இணைப்பைக் கழற்றிப் பார்ப்பது நன்று.

பாம்பனில் கம்பியை மாற்றி, உராயாத வழியில் கட்டினோம். கடலில் பெரியவர் கைப்பிடியை இருபுறமும் பலமுறை திருப்பினார், எஞ்சின் நிற்கவில்லை. மறுநாள் அவர் மகனும் படகேறினான். மின்பெட்டிக்குக் கொடுத்த பணம் மட்டும் திரும்பி வரவில்லை.