மெட்டுக்கு ஊர் ஏது?

(யூபிலி விழாவுக்கு முந்தின நாள் மாலைக் கூட்டத்தில், பங்குப் பாடற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பாடற்குழுவினராகிய எங்களைப் பாடத்தான் அழைப்பீர்கள். இன்று பேச அழைத்திருக்கிறீர்கள். எங்களுக்குள் நடந்த ஒரு மனத்தாங்கலைச் சொல்லி, அதில் நாங்கள் கற்றதையும் சொல்ல வந்திருக்கிறோம்.

சென்ற மாத ஒத்திகையில், தோல் ஷாப்பில் வேலை செய்யும் நம் இளைஞர் ஒருவர், "காணிக்கைப் பவனிக்குப் பறை அடிக்கட்டுமா?" என்று கேட்டார். "கோயிலில் பறையா? நம் பழைய இங்கிலீஷ் மெட்டுக்களின் கண்ணியம் என்ன ஆவது?" என்றார் பெரியவர் ஒருவர். இளைஞர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். நாங்களும் வாய் திறக்கவில்லை. அதுதான் எங்கள் குற்றம்.

பிறகுதான், அந்த மெட்டுக்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தோம்.

விக்டோரியா மகாராணி காலத்தில் புகழ்பெற்ற மெட்டமைப்பாளர் இருவர் வில்லியம் ஹென்றி மங்க், ஜான் பாக்கஸ் டைக்ஸ். இருவரும் 1823 மார்ச்சில், ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். மங்க் இசைப் பதிப்பாசிரியராக இருந்து 1861இல் வெளிவந்த பாடல் நூலில் டைக்ஸின் மெட்டுக்களும் இடம்பெற்றன. நோயுற்றுத் தேறிக் கப்பலில் திரும்புகையில், 1833இல் நியூமன் எழுதிய "லீட் கைண்ட்லி லைட்" கவிதைக்கு டைக்ஸ் மெட்டமைத்தார். நியூமன் 1845இல் கத்தோலிக்கரானார், 1879இல் கர்தினாலானார், 2019இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் பாடலைக் காந்தியடிகள் பெரிதும் நேசித்தார். நரசிம்மராவ் திவேட்டியாவின் குஜராத்தி மொழிபெயர்ப்பு ஆசிரமத்தில் பாடப்பட்டது. நல்ல பாட்டு மதத்தையும் கடலையும் தாண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் எங்கள் கண்ணைத் திறந்தவர் மூன்றாமவர்; நம் கத்தோலிக்கர். பெயர் ஹென்றி ஹெமி. நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த நியூகாசிலில் 1818இல் பிறந்தவர். அக்காலத்தில் அந்நாட்டுக் கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றத்தில் அமரும் உரிமைகூட இல்லை. அது 1829இல்தான் கிடைத்தது. ஹெமி கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிய மெட்டுக்களைத் தொகுத்தார். கடலின் விண்மீனாகிய தேவதாய்க்கு லிங்கார்ட் சாமியார் எழுதிய பாடலுக்கு அவர் எந்த மெட்டை எடுத்தார் தெரியுமா? சாதாரண மக்கள் வாயில் வழங்கிய நாட்டுப்புற மெட்டை! அருகிலுள்ள ஸ்டெல்லா என்ற ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அன்பர்களே, கண்ணியமான மெட்டு என்று எதை நினைத்தோமோ, அது உழைப்பாளி வீட்டுத் தெருவிலிருந்து பீடத்துக்கு ஏறியது. அவர்கள் தெரு கோயிலுக்குள் வரலாம், நம் தெரு வரக்கூடாதா? 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் சொந்த இசைமரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரச் சொல்கிறது.

இன்னொன்றும் எண்ணினோம். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தோலால் சோறு உண்பவர்கள் நாம். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் நின்ற கால்கள் நம் பாட்டன்மாருடையவை. சீமைப் பெரிய ஆர்கனின் துருத்திக்கும் ஆட்டுத்தோல்தான் ஒட்டுகிறார்கள். அந்தத் தோல் மூச்சுவிட்டால் பக்தி, பறையின் தோல் அதிர்ந்தால் தீட்டா? இழிவு தோலில் இல்லை. அதைத் தொட்டவன்மேல் ஊர் சுமத்தியது. கோயிலும் அதைச் சுமத்தலாமா?

பெரியவர் பக்கமும் நியாயம் உண்டு. தம் தாயாரை அடக்கம் செய்த நாளில் கேட்ட மெட்டு அது என்று பின்னர் எங்களிடம் கண்கலங்கினார். அவருடைய அன்பு பொய்யல்ல, அதையும் தள்ளமாட்டோம்.

ஆகவே நாங்கள் அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். எங்களோடு முதலில் நடந்தவர் அந்தப் பெரியவரே. நாளை யூபிலித் திருப்பலியில் காணிக்கைப் பவனிக்குப் பறை முழங்கும். நன்மை வாங்குகையில் ஹெமியின் மெட்டு ஒலிக்கும். தாலாட்டும் கும்மியும் அறிந்த தாய்மாரே, உங்கள் மெட்டுக்களை எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த யூபிலியில் நம் பேரப்பிள்ளைகள் அவற்றைப் பழைய மெட்டு என்று போற்றட்டும்.

நாளை பறையைக் காய்ச்ச, கோயில் வாசலில் நெருப்பு மூட்டுவோம். எல்லோரும் சற்று முன்னதாகவே வாருங்கள்.

இயேசுவுக்கே புகழ்!