சாரதியாகப் போன ஞாயிற்றுக்கிழமை



இந்த மாதப் பேச்சுக்கு என்ன தலைப்பு என்று நிலையத்தில் கேட்டார்கள். "என்ரை மகனின்ரை டெமோ" என்றேன். கேட்டவர் சிரித்துவிட்டார். மூன்று மாதத்துக்கு முன்பு என்றால் நானும் சிரித்திருப்பேன், அல்லது கோபப்பட்டிருப்பேன்.

டெமோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் இசைக்குழு தன்னைப் பிறருக்கு அறிமுகப்படுத்தச் செய்யும் மாதிரி ஒலிப்பதிவுதான் டெமோ. அது கடையில் விற்பதற்கல்ல. இசைத்தட்டு நிறுவனத்துக்கோ, வானொலிக்கோ, நிகழ்ச்சி ஒழுங்கு செய்பவருக்கோ "நாங்கள் இப்படித்தான் வாசிப்போம்" என்று அனுப்புவது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்த ஒரு சோறுதான் இது.

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறான். நான்கு பிள்ளைகள் சேர்ந்த ஒரு றொக் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடிக்கிறான். அவர்களுக்குப் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. எல்லாச் செலவும் அவர்களுடையதுதான். சனிக்கிழமைகளில் கடைகளில் நின்று உழைத்த காசு அது.

ஒருநாள் இரவு, படிப்பை ஒரு வருடம் நிறுத்திவைக்கலாமா என்று கேட்டான். எங்கள் வீடுகளில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். "இதுக்காகவோ நான் எல்லாத்தையும் விட்டுப்போட்டு இஞ்ச ஓடிவந்தனான்?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய்விட்டான். அதன் பிறகு மூன்று கிழமை எங்கள் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

பிறகு ஒரு வியாழக்கிழமை வந்து, "அப்பா, ஞாயிற்றுக்கிழமை வான் உங்களுக்குத் தேவையோ?" என்றான். நான் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோகும் வான் அது. காப்புறுதி என் பெயரில் மட்டும்தான். ஆகவே வானைக் கேட்டால் என்னையும் கேட்டதாகத்தான் அர்த்தம். சரி என்றேன்.

ஒலிப்பதிவுக் கூடம் ரயில் பாதைக்குக் கீழே ஒரு வளைவுக்குள் இருந்தது. காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரைக்கும் காசு கட்டியிருந்தார்கள். மற்றதையெல்லாம் வீட்டிலேயே கணினியில் பதிந்துவிடலாமாம். ட்ரம்ஸை முடியாது. அயலவர் சும்மா விடமாட்டார்கள். அதோடு, ஒவ்வொரு மேளத்துக்கும் ஒவ்வோர் ஒலிவாங்கி வைக்கவேண்டும். அந்த ஒலிவாங்கிகளைச் சரிப்படுத்தவே மதியமாகிவிட்டது. முதலில் தாளம், பிறகு கிற்றார், கடைசியில் பாட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார்கள். ஒரே நான்கு நிமிடப் பாட்டை மகன் ஒன்பது தரம் அடித்தான். படிக்கச் சொன்னால் ஒரு மணித்தியாலம் கதிரையில் இருக்காதவன் என்றுதான் அதுவரை அவனை நினைத்திருந்தேன்.

இடைவேளையில் ஒலிப்பதிவாளர் என்னிடம் வந்து, "நீங்கள்தான் இவர்களின் நீல் அஸ்பினோலா?" என்று பகிடியாகக் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லவேண்டும்.

1961ஆம் ஆண்டு டிசம்பர் 31. லிவர்பூலிலிருந்து நான்கு இளைஞர்கள் பனி கொட்டக் கொட்ட வானில் லண்டனுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள்தான் பீற்றில்ஸ். அப்போது வெளியுலகத்துக்கு அவர்களைத் தெரியாது. வானை ஓட்டியவர் நீல் அஸ்பினோல். கணக்காளர் வேலை பழகிக்கொண்டிருந்த இளைஞர். வழி தவறி, வந்துசேரப் பத்து மணித்தியாலம் ஆனது. மறுநாள், 1962ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, மேற்கு ஹம்ஸ்ரெட்டில் இருந்த டெக்கா நிறுவனத்தின் கூடத்தில் பதினைந்து பாடல்களைப் பதிந்தார்கள். அவற்றில் மூன்று மட்டுமே லெனனும் மக்கார்ட்னியும் எழுதியவை. இன்றைக்குப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து திருத்தும் வசதி இல்லை. நின்ற நிலையில் வாசித்ததுதான். பயத்தில் குரல் இறுகியிருந்தது என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

டெக்கா வேண்டாம் என்றுவிட்டது. அதே காலத்தில் பரீட்சித்துப் பார்த்த இன்னொரு குழுவை எடுத்துக்கொண்டது. அது அன்று லண்டனுக்குப் பக்கத்தில் இருந்த டகனத்தைச் சேர்ந்த பிறையன் பூல் அன்ட் த ற்ரெமலோஸ். அவர்களும் பிறகு நன்றாகவே வந்தார்கள். ஆகவே டெக்காக்காரர் செவிடர்கள் என்று சொல்லிவிட முடியாது.

பீற்றில்ஸின் முகாமையாளர் பிறையன் எப்ஸ்ரைன். அவருடைய தாத்தா லித்துவேனியாவிலிருந்து வந்து லிவர்பூலில் குடியேறிய யூதர். தளபாடக் கடை நடத்திய குடும்பம். பிறையன் இளவயதில் உடை வடிவமைப்பாளராக விரும்பினார், தகப்பன் சம்மதிக்கவில்லை. கடைக்குத்தான் போகவேண்டி வந்தது. இதை வாசித்தபோது, எங்கள் ஆட்களின் கதையைத்தான் வாசிக்கிறேனோ என்று ஒருதரம் நிறுத்திவிட்டேன்.

அந்த எப்ஸ்ரைன், டெக்கா நிராகரித்த ஒலிநாடாவைக் குப்பையில் போடவில்லை. ஒக்ஸ்போர்ட் வீதியில் இருந்த எச்.எம்.வி. கடைக்குக் கொண்டுபோய் அதிலிருந்து இசைத்தட்டு வெட்டுவித்தார். அதை வெட்டியவருக்குப் பிடித்துப்போக, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய், ஈ.எம்.ஐ.யில் இருந்த ஜோர்ஜ் மார்ட்டினிடம் கதை எட்டியது. ஜூன் 6ஆம் திகதி அபே வீதிக் கூடத்தில் பதிவு. ஒக்ரோபர் 5ஆம் திகதி முதல் இசைத்தட்டு. தோற்றுப்போன டெமோதான் கதவைத் திறந்தது.

ஆனால் நேயர்களே, கதையின் மற்றப் பாதியையும் சொல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும். அந்தப் பதினைந்து பாட்டுக்கும் ட்ரம்ஸ் அடித்தவர் பீற் பெஸ்ற். 1941இல் எங்கள் சென்னையில், அன்றைய மதராஸில், பிறந்தவர். புகழ் வருவதற்கு முன்பே, அந்த ஓகஸ்ட் மாதம் அவரைக் குழுவிலிருந்து விலக்கிவிட்டார்கள். அந்த டெமோவின் ஐந்து பாடல்கள் 1995இல் முறைப்படி வெளிவந்தபோதுதான் அவருக்கு அந்த உழைப்பின் பணம் கிடைத்தது. என் மகனும் ட்ரம்ஸ்காரன். இதை அவனுக்கும் சொன்னேன். "தெரியும் அப்பா" என்றான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மூன்றாவது பாட்டு முடிகிற இடத்தில் மகனின் கையிலிருந்து தடி நழுவி விழுந்து, நால்வரும் சிரித்துவிட்டார்கள். அதுவும் பதிவாகிவிட்டது. ஆறு மணி நெருங்கிவிட்டது. "வெட்டிவிடவா?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். வெட்டச் சொன்னான் மகன். எனக்கு என்ன வந்ததோ, "அதை விட்டிடேலாதோ தம்பி?" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும் வழியில் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவனுக்குச் சொன்னேன். 1998இல் கரவெட்டியிலிருந்து அம்மா எனக்கு ஒரு கசற் அனுப்பியிருந்தா. கடிதம் எழுதக் கை நடுங்குது என்று குரலிலேயே கதைத்து, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தா. அதில் கிணற்றுக் கப்பியின் சத்தம் கேட்கும். நடுவிலே பதிவு ஓடுகிறதை மறந்து, "பிள்ளை, படலையைச் சாத்து, ஆடு வருகுது" என்று தங்கச்சியைக் கூப்பிடுவா. 2001இல் அம்மா போய்விட்டா. என்னால் போகமுடியவில்லை. இன்றைக்கு அந்தக் கசற்றில் எனக்கு மிச்சமாய் இருப்பது அறிவுரைகள் அல்ல. அந்தப் படலைதான்.

மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்பம்மாவின்ரை குரலை நான் கேட்டதே இல்லை" என்றான். அன்றிரவு பழைய கசற் பெட்டியைத் தேடி எடுத்தோம். கேட்டோம்.

டெமோ இப்போது பல இடங்களுக்குப் போயிருக்கிறது. இரண்டு பதில்கள் வந்திருக்கின்றன. இரண்டும் வேண்டாம் என்பவைதான். படிப்பு விடயம் இன்னும் முடிவாகவில்லை. நான் என் கருத்தை மாற்றிவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதை இப்போது இருவரும் கதிரையில் இருந்து கதைக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு எதையோ பதிந்துகொண்டிருக்கலாம். சத்தம் பிடிக்காவிட்டாலும் ஒருதரம் பக்கத்தில் இருந்து முழுவதும் கேளுங்கள். "இதாலை என்ன உழைப்பாய்?" என்ற கேள்வியை அன்றைக்கு மட்டும் தள்ளிவையுங்கள்.

அனுப்பும் பிரதியில் அந்தத் தடி விழுந்த சத்தத்தை வெட்டிவிட்டார்கள். எனக்கென்று ஒரு பிரதி தந்தான். அதில் சிரிப்பும் இருக்கிறது.