நல்ல வெதர், ஆருக்கு?

(2025 ஜூன் முதல் கிழமை லண்டனில் நடந்த எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



என்னை வெதரைப் பற்றிக் கதைக்கச் சொன்னார்கள். இந்த நாட்டில் வெயிலைக் குறை சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். ரீவியில் "இந்தக் கிழமையும் மழை இல்லை" என்று சிரித்துச் சிரித்துச் சொல்லுகிறார்கள். அம்மா அதைப் பார்த்துப்போட்டு, "மழை இல்லையெண்டு சொல்லிப்போட்டு ஏன் இவை சிரிக்கினம்?" என்று கேட்டா. அவ யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரில் தோட்டம் செய்த குடும்பம். எனக்கு அந்தக் கேள்வி சரியான கேள்வியாகத்தான் பட்டது.

முதலில் கணக்கைச் சொல்லுகிறேன். இந்த வசந்தம்தான் பிரித்தானியாவில் பதிவான வசந்தங்களிலேயே மிகச் சூடானது, வெயில் கூடியதும் இதுதான். வெப்பநிலைக் கணக்கு 1884இல் இருந்து இருக்கிறது. மழையைப் பார்த்தால், ஐம்பது வருசத்துக்கு மேல் இப்படி வறண்ட வசந்தம் வரவில்லை. இங்கிலாந்தை மட்டும் எடுத்தால் நூறு வருசத்துக்கு மேல்.

மே 1ஆம் திகதி கியூ கார்டனில் 29.3 பாகை. அதுவும் மே 1க்கு ஒரு சாதனை. இங்கே மே தினத்துக்கு அன்றைக்கே லீவு இல்லை, திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தொழிலாளர் தினத்தில் நான் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி தூக்கிக்கொண்டு நின்றேன். தகரக் கூரை, யன்னல் இல்லை. மத்தியானம் எங்களோடு வேலை செய்கிற அக்கா ஒருவர் தலை சுற்றி அப்படியே கீழே இருந்துவிட்டா. சுப்பவைசர் வந்து பார்த்தார். விபத்துப் புத்தகத்தில் என்ன எழுதினார் தெரியுமா? "காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வந்தவர்." சூடு என்ற சொல்லே அதில் இல்லை. நாங்கள் ஆறேழு பேர் பக்கத்தில் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

சரி, ஏன் இப்படிக் காய்ந்தது? வழமையாக அத்திலாந்திக் கடலில் இருந்து தாழமுக்கங்கள் வரிசையாக வந்து மழை தரும். இந்த முறை உயரமுக்கம் ஒன்று வந்து குந்திக்கொண்டு கிழமைக்கணக்காக நகரவில்லை. மழை மேகங்கள் சுற்றிப் போய்விட்டன. ஈரமான மண் என்றால் வெயிலின் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். மண் காய்ந்தால் அந்த வெயில் முழுக்கச் சூடாகிறது. இவ்வளவும் இயற்கைதான். ஆனால் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஏற்கெனவே சூடாக்கின உலகத்துக்கு மேலேதான் இது நடக்கிறது.

வரப்போகிற மூன்று மாதத்துக்கு மெற் ஒபிஸ் ஒரு எதிர்வுகூறல் தருகிறது. ஜூலை 10 மழை வருமா என்று அது சொல்லாது, சொல்லவும் முடியாது. எந்தப் பக்கம் வாய்ப்புக் கூட என்று மட்டும் சொல்லும். இந்தக் கோடை வழமையை விடச் சூடாக இருக்க வாய்ப்புக் கூட என்று சொல்லியிருக்கிறது. ஆக, மே 1 திரும்பவும் வரும் என்று நினைத்துத்தான் நாங்கள் ஆயத்தப்பட வேண்டும்.

தண்ணீர் நிலைமை இடத்துக்கு இடம் வேறு. முதலில் வறட்சி அறிவித்தது எங்கே? மழைக்குப் பேர்போன வடமேற்கில், மஞ்செஸ்ரர் பக்கம். அங்கே தண்ணீர் பெரும்பாலும் குளங்களில் தேக்குவது, மழை நின்றால் கெதியாக இறங்கிவிடும். தெற்கில் பல இடங்களில் நிலத்துக்கு அடியில் சோக்குப் பாறை, எங்கள் ஊர்ச் சுண்ணக்கல் மாதிரித்தான். அது மெதுவாக இறங்கும், மெதுவாகத்தான் ஏறும். மாரி மழைதான் கிணற்றை நிரப்பும் என்று அம்மா சொல்லுவா. இங்கேயும் அதேதான். கோடையில் பெய்கிற மழையை மரமும் வெயிலும் குடித்துவிடும்.

ஆனால் மழையை மட்டும் குற்றம் சொல்லேலாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1989இல் தண்ணீரைத் தனியாருக்கு விற்றார்கள். இங்கிலாந்தில் 1992க்குப் பிறகு ஒரு பெரிய நீர்த்தேக்கம்கூடக் கட்டி முடிக்கவில்லை. குழாயில் போகிற தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வழியில் ஒழுகிப் போகிறது. பங்குதாரருக்கு இலாபம் போகத் தவறவில்லை. இனி எங்களைக் குளிக்கிற நேரத்தைக் குறைக்கச் சொல்லுவார்கள்.

தண்ணீர் ஆருடையது என்ற கேள்வி எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களைக் கிணற்றில் அள்ள விடாமல், ஆராவது வந்து ஊற்றும்வரைக்கும் காத்து நிற்க வைத்த சமூகம் எங்களுடையது. அம்மாவின் கிணற்றுக் கதையைச் சொன்ன நான் இதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே தண்ணீரைப் பூட்டி வைத்ததை மறைத்துக்கொண்டு இங்கே கொம்பனிகளைக் கேள்வி கேட்கேலாது.

இப்ப என்ன செய்யலாம்? வேலையிடம் 16 பாகைக்குக் கீழே போகக்கூடாது, கடும் உடலுழைப்பு என்றால் 13 என்று இங்கே வழிகாட்டல் இருக்கிறது. மேலே எவ்வளவு போகலாம் என்பதற்குச் சட்டத்தில் இலக்கமே இல்லை. "நியாயமான" வெப்பநிலை என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. ரியூசி தொழிற்சங்கப் பேரவை 30 பாகை, கடும் உழைப்புக்கு 27 என்று எல்லை கேட்கிறது. அது எங்கள் கோரிக்கையாகவும் இருக்க வேண்டும்.

நான் ஒரு சின்ன வெப்பமானி வாங்கி லொக்கரில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஷிப்டிலும் திகதி, நேரம், பாகை எழுதுகிறோம். இப்ப நாலு பேர் எழுதுகிறார்கள், அந்த அக்காவும் ஒருவர். இனி ஆராவது மயங்கி விழுந்தால் புத்தகத்தில் "சூடு" என்று எழுதும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையிறதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். நீங்களும் உங்கள் வேலையிடத்தில் தொடங்குங்கோ. கடை, சமையலறை, டெலிவரி வான், எதுவானாலும் சரி. அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளைக் கொண்டு வாருங்கோ, சேர்த்து வைத்துச் சங்கத்திடம் போவோம்.