டெஸ்ட்னு நினைச்சேன், புரொடக்‌ஷன் ஆயிடுச்சு

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷத்துல நான் பண்ண ஒரு தப்பைப் பத்திப் பேசப் போறேன். கம்பெனி பேர் வேண்டாம்.

எங்க ஆப்ல கஸ்டமர்களோட பில் எல்லாம் ஏடபிள்யூஎஸ் எஸ்3-ல, ஒரு பக்கெட்ல இருக்கும். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நிஜ கிளவுடுக்குப் போனா காசும் ஆகும், நேரமும் ஆகும். அதனால லோக்கல்ஸ்டாக் வெச்சிருந்தோம். நம்ம லேப்டாப்லயே டாக்கர்ல ஓடுற ஒரு போலி ஏடபிள்யூஎஸ் அது. 4566-ங்கிற போர்ட்ல உக்காந்துக்கிட்டு எஸ்3 மாதிரியே பதில் சொல்லும். நம்ம கோடுக்கு வித்தியாசமே தெரியாது. அதுதான் வசதி, ஆபத்தும் அதுதான்.

ஏன்னா, நிஜமா போலியான்னு முடிவு பண்றது ஒரே ஒரு செட்டிங். எண்ட்பாயிண்ட் யூஆர்எல். 2023-ல இருந்து இதை என்விரான்மென்ட் வேரியபிளா வெச்சாலே ஏடபிள்யூஎஸ்-ஓட எஸ்டிகே எடுத்துக்கும். அதுல லோக்கல்ஹோஸ்ட்னு இருந்தா போலி. அது செட் பண்ணவே இல்லைன்னா? எரர் வராது. நேரா நிஜ கிளவுடுக்குப் போயிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். புதுசா ஒரு டெர்மினல் திறந்தேன். அந்த வேரியபிளை பழைய டெர்மினல்லதான் எக்ஸ்போர்ட் பண்ணியிருந்தேன், புதுசுக்கு அது தெரியாது. டெஸ்ட்டை ஓட விட்டேன். வழக்கமா சில செகண்ட்ல முடியும். அன்னைக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. நெட் ஸ்லோ போலன்னு டீ குடிக்கக் கிளம்பினேன். பாதி வழியிலதான் உறைச்சது. லேப்டாப்புக்குள்ளயே ஓடுற டெஸ்ட்டுக்கு நெட் எதுக்கு?

ஓடி வந்து கண்ட்ரோல் சி அடிச்சேன். ஆனா டெஸ்ட்டோட கடைசி வேலை, பக்கெட்ல இருக்கிறதை எல்லாம் அழிக்கிறது. அது ஆரம்பிச்சிருந்துச்சு. முன்னாடி ஒரு பிழையைத் தேடுறதுக்காக புரொடக்‌ஷன் கீ என் லேப்டாப்ல வெச்சிருந்தேன், எடுக்கவே இல்லை. வசதியா இருக்கட்டும்னு ரெண்டு பக்கமும் பக்கெட் பேரும் ஒண்ணு.

கை நடுங்க லீட் கிட்ட போய் சொன்னேன். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "வெர்ஷனிங் ஆன்ல இருக்கா, பாரு." இருந்துச்சு. அது இருந்தா சாதாரணமா அழிக்கிறப்போ ஃபைல் போகாது, மேல ஒரு டிலீட் மார்க்கர் மட்டும் விழும். ராத்திரி உக்காந்து அந்த மார்க்கர்களை எடுத்தோம், பில் எல்லாம் திரும்பி வந்துச்சு. அது என் புத்திசாலித்தனம் இல்லை. எனக்கு முன்னாடி இருந்த யாரோ ஆன் பண்ணி வெச்ச புண்ணியம்.

திங்கட்கிழமை மாத்தினதைச் சொல்றேன். முதல்ல, டெஸ்ட்டுக்குள்ளயே போலி கீ வெச்சோம். ஆக்சஸ் கீ "டெஸ்ட்", சீக்ரெட் "டெஸ்ட்". லோக்கல்ஸ்டாக் இதை ஏத்துக்கும். தப்பித்தவறி நிஜ ஏடபிள்யூஎஸ் பக்கம் போனா, வாசல்லயே திருப்பி அனுப்பிடும். அடுத்தது, அழிக்கிறதுக்கு முன்னாடி அக்கவுண்ட் நம்பரைக் கேட்போம். லோக்கல்ஸ்டாக்ல அது வழக்கமா பன்னிரண்டு பூஜ்யம். வேற எது வந்தாலும் டெஸ்ட் நின்னுடும். எண்ட்பாயிண்ட் செட் ஆகலைன்னாலும் நின்னுடும். பக்கெட் பேரையும் பிரிச்சோம். புரொடக்‌ஷன் கீ யார் லேப்டாப்லயும் கிடையாது.

சரி, எண்ட்பாயிண்ட் இல்லைன்னா லோக்கல்ஹோஸ்ட்னு கோடுலயே எழுதிட்டா பாதுகாப்புதானேன்னு கேப்பீங்க. அதையே புரொடக்‌ஷனுக்கு அனுப்பிப் பாருங்க. அங்க ஒரு வேரியபிள் விட்டுப்போனா, ஆப் தன்னோட மெஷின்லயே எஸ்3-ஐத் தேடிக்கிட்டு நிக்கும். அதனால ரெண்டு பக்கமும் ஒரே விதி. செட்டிங் இல்லைன்னா யூகிக்காதே, நில்லு.

இன்னொண்ணு. லோக்கல்ஸ்டாக்ல பாஸ் ஆனா எல்லாம் சரின்னு நம்பிடாதீங்க. சாதாரணமா அது பர்மிஷன் பார்க்காது, கேட்டதெல்லாம் குடுக்கும். அதே கோடு நிஜத்துல ஆக்சஸ் டினைடுன்னு நிக்கும். அதனால புரொடக்‌ஷனுக்கு முன்னாடி, தனியா ஒரு நிஜ அக்கவுண்ட்ல ஒரு தடவை ஓட்டிடுறோம்.

இந்த வாரம் உங்க டெஸ்ட் கோடைத் திறந்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: எண்ட்பாயிண்ட் வரியை எடுத்துட்டா, இது எங்க போகும்? பதில் தெரியலைன்னா, அதை ஓட விடாதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.