துருப்பிடித்த நட்டைக் கழற்றும் முறை

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



திட்டங்களைப் பற்றியும் நிதியைப் பற்றியும் காலையிலிருந்து கேட்டு வந்திருக்கிறீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டது விரல் பருமனுள்ள ஓர் இரும்புத் துண்டைப் பற்றியது. இன்று பெரும்பாலான கிணறுகளில் மின்சார மோட்டார் ஓடுகிறது. ஆயினும் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நீர் இறைக்க டீசல் எஞ்சினையே நம்பியிருப்போர் நம்மிடையே உண்டு. கதிர் வெளிவரும் தறுவாயில் அந்த எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும்? அவ்வேளையில் வயல் காய்ந்தால் மணி பிடிக்காது, பதரே மிஞ்சும். பழுதான உறுப்பை மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் போதும். அதை மூடியிருக்கும் நட்டைக் கழற்றப்போய் ஸ்டட்டை முறித்துவிட்டால், வேலை நாட்கணக்கில் நீண்டுவிடுகிறது.

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. மரைகளுக்கிடையே பெருக இடமில்லாமையால், ஆப்பு அடித்ததுபோல் அது இறுகிக்கொள்கிறது. சைலன்சர் பொருந்தும் இடத்தில் வெப்பமும் மழைநீரும் மாறி மாறித் தாக்குவதால், அங்குள்ள நட்டுகளே மிகுதியும் தொல்லை தருவன.

நட்டு அசையவில்லையென்றால் நாம் உடனே செய்வது யாது? ஸ்பானரின் மேல் நீளமான குழாயை மாட்டி, இருவர் சேர்ந்து இழுக்கிறோம். இதன் கணக்கைச் சற்றே பாருங்கள். 12 மில்லிமீட்டர் பருமனுள்ள உயர்தர எஃகு போல்ட்டை முறையாக இறுக்குவதற்கு, ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறத்தாழ 8 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு விசை போதும். அதே குழாயின் நுனியை ஓர் ஆள் 30 கிலோ விசையோடு இழுத்தால் அது ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. நட்டு கழலுமுன் ஸ்டட் முறிவதில் வியப்பில்லை.

ஆகவே முதலில் வேண்டுவது பொறுமை. வேலைக்கு முந்திய மாலையே கம்பித் தூரிகையால் துருவையும் சேற்றையும் தேய்த்து நீக்குங்கள். துருவை ஊடுருவும் எண்ணெய் கடைகளில் கிடைக்கிறது. அதை மரை தெரியும் இடத்தில் விட்டு, நட்டின் பக்கங்களைச் சிறு சுத்தியலால் பலமுறை தட்டுங்கள். அந்த அதிர்வினால் எண்ணெய் உள்ளே இறங்கும். இரவெல்லாம் ஊறட்டும்.

மறுநாள் நட்டின் தலையில் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானரையே எடுங்கள். ஸ்க்ரூ ஸ்பானரை எடுப்பது நட்டின் மூலைகளைத் தேய்ப்பதற்கான சுருக்கு வழி என்பது என் கருத்து. பழைய எஞ்சின்களில் சில நட்டுகள் அங்குல அளவில் இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பானரை அதில் மாட்டினால் தளர்ந்து நின்று மூலையைச் சிதைக்கும். சுழலும் தண்டுகளில் சிலவற்றுக்கு இடமரை உண்டு என்பதால், திருகும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முன் மயிரிழையளவு இறுக்கும் பக்கமாகத் திருப்புங்கள். துருவின் பிடி உடைவதற்கு அதுவே போதும் பல வேளைகளில். பிறகு கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, மீண்டும் இறுக்கி, இப்படியே முன்னும் பின்னுமாகக் கொண்டு வாருங்கள். கிறீச்சென்று சத்தம் கேட்டு மறுபடி இறுகினால், வலிந்து இழுக்காமல் நிறுத்துங்கள்.

இதற்கும் மசியாததற்கு வெப்பம் வேண்டும். டீசல் தொட்டியையும் குழாயையும் அகற்றி, எண்ணெயைத் துடைத்த பின்னரே தீயை அருகில் கொணர வேண்டும். சூடேற்ற வேண்டியது நட்டை, ஸ்டட்டையன்று. 12 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு நட்டை 300 டிகிரி சூடேற்றினால் துளை ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் அகலும். சிறிது என்று எண்ண வேண்டாம், துருவின் பிடி விடுவதற்கு அது பெரிய இடைவெளி. சூடான மரையில் மெழுகுத் துண்டை வைத்தால் உருகி உள்ளே பாயும். காய்ந்த வார்ப்பிரும்பின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழும்.

சிலிண்டர் ஹெட்டுக்கு மட்டும் இது பொருந்தாது. எஞ்சின் முற்றும் குளிர்ந்த பின்னரே அதன் நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சூட்டிலேயே ஒரு பக்கமாகக் கழற்றினால் ஹெட் வளைந்துவிடும்.

எதற்கும் அசையாத நட்டை உளியால் பிளந்துவிடுங்கள். நட்டு மலிவு, பிளாக்கில் பதிந்த ஸ்டட் அப்படியன்று. ஸ்டட்டே முறிந்து, துண்டு வெளியே நின்றால் அதன்மேல் புது நட்டொன்றை வெல்டிங் செய்து திருப்பலாம். உள்ளே முறிந்துவிட்டால் கைத் துளையிடும் கருவியோடு போராடாதீர்கள். லேத் பட்டறைக்கு அனுப்புவதே சிக்கனம்.

மீண்டும் பூட்டும்போது மரைகளைத் தூய்மை செய்து, சைலன்சர் பகுதியிலுள்ளவற்றுக்குக் கிராஃபைட் கலந்த கிரீஸ் தடவுங்கள். அங்குல அளவில் ஒன்றும் மில்லிமீட்டர் அளவில் ஒன்றுமாக இரண்டு ரிங் ஸ்பானர் தொகுதிகளை ஊருக்குப் பொதுவாக வாங்கி, எடுப்பவர் பெயரையும் நாளையும் குறிக்க ஒரு புத்தகம் வைக்க ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஆலோசிக்க வேண்டுகிறேன்.